கறுப்பில் திறந்த மணிவிழா

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் அப்பா கால்மணி நேரம் இறந்துபோயிருந்தார். அந்தக் கால்மணி நேரமும் அவர் எங்கள் கோட்டையூர் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கொன்றது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு படத்துக்கு அடியில் வெள்ளை நிறம் வைக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

என் பெயர் ரேணுகா. காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பிறந்தால் ஒரு பேனர், போனால் ஒரு பேனர். நடுவில் காதுகுத்து, கல்யாணம், புதுவீடு எல்லாவற்றுக்கும் தனித்தனி பேனர். இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கலர் கலராக இருந்தால் விசேஷம், கறுப்பாக இருந்தால் துக்கம். எழுத்துத் தெரியாதவர்கூட டவுன் பஸ்ஸில் போகிறபோதே நிறத்தைப் பார்த்து 'அடடா, போயிட்டாரா' என்று உச்சுக்கொட்டுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கோபிநாத், சென்னையில் மூடப்போகிற ஒரு விளம்பர ஆபீசிலிருந்து பழைய மேக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. விண்டோஸ் வைத்திருக்கிற மற்ற கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். என்னிடம் பார்த்த நிறம் வேறு கம்ப்யூட்டரில் மங்கித் தெரிகிறது என்று யாராவது வந்தால், "அது ஒங்க சிஸ்டத்தோட கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு அந்த வாயைத்தான் நானே அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி மருது மாமாவின் கதை. மருது மாமா என் அம்மா ஈஸ்வரியின் ஒரே அண்ணன். நெற்குப்பையில் அரிசி மில் வைத்திருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்னால், என் கல்யாணத்துக்கு அடித்த பேனரில் தாய்மாமன் என்ற முறையில் அவர் படத்தை வலது ஓரத்தில் போட்டிருந்தோம். மண்டப வாசலில் பேனர் கட்டியவர் அப்பா. கூலிக்கு ஆள் வைத்தால் கோணலாகக் கட்டுவார்கள் என்று தானே சவுக்குக் கம்பில் ஏறினார். பேனர் நீளம், இரண்டு கம்புக்கும் இடைவெளி குட்டை. மிச்சத்தை அப்பா வலது பக்கமாகப் பின்னால் மடித்து, ஆணி அடித்து இறங்கிவிட்டார். ஆணி இறங்கிய இடத்தில் மாமாவின் காது மட்டும் தெரிந்தது. மீதி மாமா பின்பக்கம் போய்விட்டார்.

மாமா சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்துடன் வந்து அந்தக் காதைப் பார்த்தார். மேளம் நின்றது. எங்கள் குடும்பத்தில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது.

"இனி உங்க வாசப்படிய நான் மிதிச்சா, அது உங்க கேதத்துக்காத்தான் இருக்கும், மாப்ள!" என்றார் மாமா. சாவுக்குத் துக்கம் கேட்க வருவதை எங்கள் பக்கத்தில் கேதம் என்போம்.

"அதுக்காச்சும் நேரத்தோட வாங்க, மச்சான்!" என்றார் அப்பா.

சீரை வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனார் மாமா. அதற்குப் பிறகு பேச்சில்லை, போனில்லை. அம்மா மட்டும் பதினொரு தீபாவளிக்கும் பலகாரத்தைத் தூக்குவாளியில் போட்டு நெற்குப்பை பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவாள். வாளி கழுவித் திரும்பி வரும். அதில் ஒரு தேங்காய் இருக்கும். வேறு தகவல் எதுவும் இருக்காது.

இப்படியிருக்கையில் அப்பாவுக்கு அறுபது நிறையப்போகிறது என்று மணிவிழா பேச்சு வந்தது. அப்பாவின் பெயர் சேவுகப்பெருமாள். கட்டின மனைவிக்கே மறுபடியும் தாலி கட்டப்போகிற சந்தோஷத்தில் மீசைக்கு மை வாங்கிவிட்டார். அம்மா ஒரே வார்த்தையில் அதை நிறுத்தினாள்.

"பொறந்த வீட்டுச் சீலை வராம நான் மணையில ஒக்கார மாட்டேன்."

"அவருதான் வர மாட்டாருல்ல. கடையில நல்லதா ஒண்ணு எடுத்துக்க" என்றார் அப்பா.

"கடையில சீலை இருக்கு. அண்ணன் இருக்காகளா?"

நீங்களே ஒரு போன் போடுங்கள் என்று நான் அப்பாவிடம் சொன்னதற்கு, "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னது அவரு. சொன்ன சொல்ல நான் எப்படி மாத்த முடியும்?" என்று நியாயம் பேசினார். மாமாவும் அங்கே இதையேதான் சொல்லியிருப்பார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. தாய் தகப்பன் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு ஆள்தான். எனக்கு இரண்டு கிழவர்கள் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்து மணிவிழா பேனருக்கு மாதிரி ஒன்று செய்தேன். நடுவில் மாலை போட்ட அப்பா. அப்பா எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. இருந்ததிலேயே சுமாராக இருந்த ஒன்றைப் போட்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே சிவப்பில் அப்பா பிறந்த தேதி, அதற்குப் பக்கத்தில் மணிவிழா தேதி. ஜோசியர் ஆவணியில் இரண்டு நாளைச் சொல்லிவிட்டு எதையும் முடிவாகச் சொல்லாததால், இடம் பிடிக்க அன்றைய தேதியையே போட்டு, 'தேதி மாறும்' என்று அடியில் எழுதினேன். அதற்கும் கீழே மஞ்சள் எழுத்தில் எங்கள் பெயர்கள்.

அப்பாவுக்குப் பக்கத்தில், அவர் அளவுக்கே ஒரு பெரிய இடத்தை வெறுமையாக விட்டேன். அதில் இப்படி எழுதினேன்: 'இந்த இடம் மருது மாமாவுக்கு. இந்தத் தடவை மடிக்க மாட்டோம்.'

'மணிவிழா', 'பிறந்த நாள்', 'அன்புடன் அழைக்கிறோம்', 'தேதி மாறும்', மாமாவுக்கு எழுதின வரி, எல்லாம் பளிச்சென்ற கறுப்பு எழுத்து. என் மேக்கில் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதை அப்படியே மாமாவின் மில் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதலாமென்று பத்து முறை தட்டிப் பத்து முறை அழித்தேன். பதினொரு வருடம் பேசாத மனிதருக்கு என்னவென்று எழுதுவது? படமே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன் போனது, வியாழன் போனது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், அப்பாவைப் பட்டு வேட்டியில் புதிதாக ஒரு படம் எடுக்கலாமென்று கோட்டையூர் போயிருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். அம்மா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமாவின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

மாமா இறங்கினார். கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. தோள் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு, அம்மாவைப் பார்த்து ஓங்கிக் குரல் கொடுத்தார்.

"தாயி... ஈஸ்வரி... போச்சே தாயி! எல்லாம் போச்சே!"

பதினொரு வருடம் கழித்து அண்ணன் அழுதுகொண்டு வந்தால் தங்கை என்ன நினைப்பாள்? மாமாவின் மனைவி நாகவல்லி அத்தை போய்விட்டாள் என்று நினைத்தாள். வாளி கீழே விழுந்தது.

"அண்ணே! ஆத்தாடி, எங்க வீட்டுக்கு என்ன கேடு வந்துச்சோ!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். எங்கள் பக்கத்தில் துக்கத்தில் முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை. யார், எப்போது, எப்படி என்று எடுத்தவுடன் கேட்பவரை மனிதராக மதிக்க மாட்டார்கள். அதனால் யார் செத்தது என்று தெரியாமலே அம்மா முறையாக, ராகம் போட்டு அழுதாள். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு அக்கா சத்தம் கேட்டு வந்து, அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்ந்துகொண்டாள். நாகவல்லி அத்தை எனக்குச் சின்ன வயதில் வாங்கிக் கொடுத்த வளையல்களை நினைத்து நானும் அழுதேன்.

உள்ளேயிருந்து அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மச்சானைப் பார்த்தார். எல்லோரும் அழுவதைப் பார்த்தார். பகை வேறு, கேதம் வேறு என்று தெரிந்தவர். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு போய், துக்கம் கேட்கிற முறையில் இரண்டு கையையும் நீட்டினார்.

"எல்லாம் அவன் செயல், மச்சான். மனசத் தேத்திக்கங்க. யாரு மச்சான்?"

மாமா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு விம்மு விம்மினார்.

"நீகதான், மாப்ள."

"நானா?"

"ஆமா. செவ்வாக்கெழம."

அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரலிடுக்கில் தேங்காய்ப்பால் இருந்தது. "இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே. எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

அம்மாக்கண்ணு அக்காதான் முதலில் அழுகையை நிறுத்தினாள். நிறுத்தியதும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். பத்தே நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"உங்க மகதான் கம்ப்யூட்டர்ல அனுப்பிவிட்டுச்சு. காலையில தொறந்து பாக்குறேன், கறுப்பா நிக்கிறீக! ஏம்மா, ரேணுகா, மாமன்காரனுக்குக் கேதம் சொல்ல ஒரு ஆள் கெடைக்கலையா? மெயில்லயா சொல்லுவீக?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறியது. கோபிநாத்தின் ஆபீஸ் லேப்டாப் என் பையில் இருந்தது. அது விண்டோஸ். காரின் முன்பக்கத்தின் மேல் அதை வைத்து, செவ்வாய்க்கிழமை அனுப்பிய படத்தைத் திறந்தேன்.

ஐயோ என்று இருந்தது. படத்துக்கு அடியில் நான் எந்த நிறமும் வைத்திருக்கவில்லை. அது கண்ணாடி மாதிரி. பின்னால் எது இருக்கிறதோ அதைக் காட்டும். என் மேக் பின்னால் வெள்ளையை வைத்துக் காட்டியது, இந்த லேப்டாப் கறுப்பை வைத்துக் காட்டியது. கறுப்புக்குள் என் கறுப்பு எழுத்துகள் ஒன்றுவிடாமல் முழுகிப்போயிருந்தன. மணிவிழாவைக் காணோம், பிறந்த நாளைக் காணோம், அன்புடன் அழைப்பைக் காணோம். மிஞ்சியது மாலை போட்ட அப்பா, இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு, கீழே சிவப்பில் இரண்டு தேதிகள், அதற்கும் கீழே மனைவி, மகள், மருமகன் பெயர்கள். கண்ணீர் அஞ்சலி என்ற இரண்டு வார்த்தைதான் குறை.

அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல களையாத்தான் இருக்கேன். இத எடுத்து வையி, பின்னாடி ஒதவும்."

"வாயக் கழுவுங்க!" என்று அம்மா அதட்டினாள்.

எழுத்தெல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி, அதே படத்துக்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்தேன். எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் மேலே வந்தன. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். அந்த வெற்றிடத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இந்த இடம் மருது மாமாவுக்கு. இந்தத் தடவை மடிக்க மாட்டோம்."

மாமா லேப்டாப்பைப் பார்க்காமல் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவர் கையை இன்னும் விடவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் கார் இப்படியே திரும்பிப் போய்விடும். அப்பாவின் வீம்பு எனக்குத் தெரியும்.

"சரி, நல்லாயிருக்கீகல்ல. அது போதும். நான் கெளம்புறேன்" என்றார் மாமா. "ஒரு தடவ சொன்ன சொல்லு..."

அப்பா தொண்டையைச் செருமினார்.

"என்ன சொன்னீக, மச்சான்? கேதத்துக்குத்தான் வாசப்படிய மிதிப்பேன்னீக. கேதத்துக்குத்தான வந்தீக? சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக. நானும் நேரத்தோட வரச் சொன்னேன், வந்துட்டீக. பெறகென்ன? இடியாப்பம் ஆறுது, உள்ள வாங்க."

மாமா யோசிப்பதுபோல மீசையைத் தடவினார். "கணக்குச் சரியாத்தான் வருது" என்றார். பிறகு வலது காலை எடுத்து வைத்து வாசப்படியைத் தாண்டினார்.

பன்னிரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் ஊற்றினார். சவுக்குக் கம்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. மழை, நெல் ரகம், மூட்டுவலி என்று பதினொரு வருடத்துப் பேச்சைப் பேசினார்கள். போகிறபோது அப்பா கார் வரைக்கும் போய் வழியனுப்பினார்.

கார் போன பிறகுதான் நாற்காலியில் மஞ்சப்பை கிடப்பதைப் பார்த்தேன். மாமா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் சாவகாசமாக உட்கார்ந்து பிரித்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட பட்டுச்சீலை. அதற்கு அடியில் அப்பாவுக்குப் பட்டு வேட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கவர். கவரில் மாமாவின் புதுப் படம். தலை படிய வாரி, நெற்றியில் விபூதி பூசி, ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்த படம். இரண்டு காதும் தெரிந்தன. கவர் மேல் 'பேனருக்கு' என்று எழுதியிருந்தது.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கறுப்புத் திரையில் அந்த வரி தெரியாது. தெரியாத வரிக்கு மனிதர் எப்படிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்? கேதத்துக்கு வந்தவர் பையில் பட்டுச்சீலைக்கு என்ன வேலை?

மாமா மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிற கிருஷ்ணப்ரியாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் முதலில் மென்று விழுங்கினாள். பிறகு கொட்டிவிட்டாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிறாதீக. புதங்கெழமையே தொறந்துட்டோம். கறுப்பாத்தான் இருந்துச்சு. சார் பாத்துட்டு மேசையில தலைய வச்சு அழுதாரு. நான் அவரு அழுது பாத்ததே இல்லக்கா. 'நான் சொன்ன சொல்லு பலிச்சிருச்சே'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. கையில வச்சுப் பாக்கணும், பிரிண்ட் எடுத்துக் குடுன்னாரு. பேப்பர்ல வெள்ளையா வந்துச்சு, எழுத்தெல்லாம் தெரிஞ்சுச்சு. அதப் படிச்சதும் கண்ணத் தொடச்சாரு. பெறகு, 'பாப்பா, இந்தப் பேப்பர நீ பாக்கல, கறுப்பத்தான் பாத்த'ன்னுட்டு, கார எடுத்துக்கிட்டுச் சீலை எடுக்கப் போயிட்டாரு."

போனை வைத்தேன். நெற்குப்பை மில்லில் மேசையில் கவிழ்ந்து அழுத கிழவரை நினைத்தால் பாவமாக இருந்தது. வாசலில் அவர் போட்ட நாடகத்தை நினைத்தால் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கிழவர்களிலேயே எமகாதகக் கிழவர்.

"அம்மா, மாமா எல்லாரையும் ஏமாத்திட்டாக. அவுகளுக்கு முன்னாடியே தெரியும்!" என்றேன்.

அம்மா பட்டுச்சீலையை மடியில் போட்டு, கரையைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்டி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிப்பிடிச்சு அழுகுறப்ப கை பைக்குள்ள பட்டுச்சு. ஜரிகை கையில தட்டுப்பட்டுச்சு. கேதத்துக்கு யாரு ஜரிகை கொண்டாருவா? அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஒண்ணும் ஆகலன்னு."

"அதுக்கப்பறமும் பத்து நிமிசம் ராகம் போட்டு அழுதியே! ஏன் நிறுத்தல?"

அம்மா சீலையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"நான் நிறுத்துனா அவுகளும் நிறுத்தணும்ல? நிறுத்திட்டா அப்பறம் எதச் சொல்லிக்கிட்டு உள்ள வருவாக?"